சஃபாரி என்றால் சட்டையா, பயணமா?

தெற்குமாசி டெய்லர்

மதுரை தெற்குமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஆண்கள் உடை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அப்பா போட்ட கடை. போர்டில் 'பேன்ட், சட்டை, சபாரி' என்று மூன்றையும் ஒரே அளவு எழுத்தில் எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் சபாரிக்கு அவ்வளவு மதிப்பு. பேங்க் மேனேஜர், ரோடு கான்ட்ராக்டர், பஞ்சாயத்துத் தலைவர், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்புகிற தகப்பன் என்று எல்லார் வீட்டு பீரோவிலும் ஒரு செட் தொங்கும். மேலும் கீழும் ஒரே துணி, அரைக்கை, சட்டையை வெளியே விட்டுக்கொள்ள வேண்டும். துணி பெரும்பாலும் டெரிகாட்டன்தான், பத்து வருஷம் போட்டாலும் சாயம் போகாது, போட்டவருக்குத்தான் வேர்த்து ஊற்றும்.

இப்போது கேட்கிற ஆள் குறைவு. டிரைவர்கள், மண்டபத்து செக்யூரிட்டிகள், பெரிய மனிதர்களுக்குப் பின்னால் கை கட்டாமல் நிற்கிற ஆட்கள், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். டிராவல்ஸ் வைத்திருக்கிற ஒரு பையன் தன் டிரைவர்களுக்குச் சபாரி தைக்கக் கொடுத்துவிட்டு, ஒரு நோட்டீஸையும் மேஜையில் வைத்துப் போனான். 'கொழுக்குமலை சபாரி, மறக்க முடியாத சாகசப் பயணம்' என்று போட்டிருக்கிறது. எங்கள் கடையில் காஜா எடுக்கிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கார்த்திகை பிறக்கவே இல்லை, அதுக்குள்ள சபரிமலைக்கு ஆள் சேர்க்கிறாங்களா" என்று கேட்டார். நான் என் பங்குக்கு, வருகிறவர்கள் எல்லாரும் சபாரி போட்டுக்கொண்டுதான் வர வேண்டுமோ, நமக்கு நாற்பது ஐம்பது செட் ஆர்டர் வருமோ என்று கணக்குப் போட்டேன். பையனைக் கூப்பிட்டுக் கேட்டால் சிரிக்கிறான். "அது ஜீப்புல மலைக்குப் போறது மாமா" என்கிறான்.

சரி, சட்டைக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம்? எது முந்தியது? எந்த ஊர் வார்த்தை இது? சாகசம் என்பது அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறதா, நோட்டீஸ் அடித்தவன் சேர்த்ததா? இன்னொன்றும் கேட்க வேண்டும். கடை போர்டைப் புதிதாக எழுதப் போகிறேன். சபாரி, சஃபாரி, ஸஃபாரி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எது சரி?

அகராதியில் போட்டிருப்பதைப் படித்துவிட்டேன், அதில் ஒரு வரிதான் இருக்கிறது. புழக்கம் தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் உபயோகமாக இருக்கும்.

வைகை வடகரை

அண்ணே, இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? சவாரிதான் சஃபாரி. நம்ம ஆளுங்க குதிரை சவாரி, யானை சவாரின்னு சொன்னதை வெள்ளைக்காரன் வாய்க்கு வராம சஃபாரின்னு சொல்லிட்டான். அதையே நாம திருப்பி வாங்கிக்கிட்டோம். முடிஞ்சுது.

திருநகர் வாத்தியார்

வடகரைத் தம்பி சொன்னது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது.

சவாரி பாரசீகத்திலிருந்து வந்தது. சவார் என்றால் ஏறிச் செல்கிறவன், குதிரை வீரன். அதனால்தான் சவாரி என்று சொன்னால் ஏறி உட்கார ஏதாவது ஒன்று வேண்டும். குதிரையோ, மாட்டு வண்டியோ, பெரியார் பஸ் நிலையத்துக்கு வெளியே நிற்கிற ஆட்டோவோ. "காலையிலிருந்து ஒரு சவாரியும் இல்ல சார்" என்று ஆட்டோக்காரர் சொல்வது அந்தக் கணக்கில்தான். சஃபாரிக்கு ஏறி உட்கார எதுவும் தேவையில்லை. நடந்தே போகலாம். சொல்லப்போனால் ஆரம்பத்தில் நடந்துதான் போனார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நம் பக்கத்து வாத்தியார்கள் பலர் ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். நானும் போனேன். டான்சானியாவில், தபோரா என்ற ஊரில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். அங்கே பேசுகிற சுவாஹிலி மொழிச் சொல்தான் சஃபாரி. அதற்குப் பொருள் பயணம். வெறும் பயணம். அதில் சிங்கமும் இல்லை, சாகசமும் இல்லை. லீவுக்கு ஊருக்குப் போகிற மாணவன் சஃபாரி போகிறான். தங்கச்சி பிரசவத்துக்குப் போகிற அக்காவும் சஃபாரி போகிறாள். துட்டி கேட்கப் போவதும் சஃபாரிதான். கிளம்புகிறவரிடம் "சஃபாரி ன்ஜேமா" என்று சொல்லி அனுப்புவார்கள், நல்லபடியாகப் போய்ட்டு வாங்க என்று பொருள். திரும்பி வந்தால் வாசலிலேயே முதல் கேள்வி, "ஹபாரி ஸா சஃபாரி?" பயணமெல்லாம் எப்படி இருந்தது என்று. அதைக் கேட்காமல் உள்ளே விடுவது மரியாதை இல்லை. நான் தார் எஸ் சலாமில் ஒரு கையெழுத்துக்காகப் போய்விட்டு, ரயிலில் ராத்திரி முழுக்க உட்கார இடமில்லாமல் நின்று, செம்மண் தூசி படிந்த தலையோடு வந்து இறங்குவேன். பள்ளிக்கூட கேட்டில் காவல்காரப் பெரியவர் பெட்டியை வாங்கிக்கொண்டே இந்தக் கேள்வியைக் கேட்பார். பதில் 'நல்லா இருந்துச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். எப்படி இருந்திருந்தாலும் அதுதான் பதில். நம் ஊரில் "சௌக்கியமா" என்று கேட்டால் சர்க்கரை அளவையா சொல்கிறோம்?

சுவாஹிலிக்கு இந்தச் சொல் அரபியிலிருந்து போனது. அரபியில் சஃபர் என்றால் பயணம். கடற்கரை ஊர்களில் அரபு வியாபாரிகள் நூற்றுக்கணக்கான வருஷம் புழங்கியதால் சுவாஹிலியில் அரபிச் சொற்கள் ஏராளம்.

இனி சாகசத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடல் கரையில் இருக்கிற பகமோயோவிலிருந்து உள்நாட்டில் தங்கனீக்கா ஏரிக்கரையில் இருக்கிற உஜிஜி வரை ஒரு வணிக வழி இருந்தது. நான் வேலை பார்த்த தபோரா அந்த வழியில் நடுவில் இருக்கிற சந்திப்பு. கரையிலிருந்து துணியும் பாசிமணியும் உள்ளே போகும், உள்ளிருந்து யானைத் தந்தம் வெளியே வரும். அடிமைகளையும் அதே வழியில்தான் ஓட்டி வந்தார்கள். மாட்டையும் குதிரையையும் செட்சீ என்கிற ஈ கடித்துக் கொன்றுவிடும், ஆகவே வண்டி கிடையாது. எல்லாச் சுமையும் ஆள் தலையிலும் தோளிலும்தான். ஆளுக்கு முப்பது கிலோ அளவுக்குச் சுமை. தபோரா பக்கத்து நியாம்வேஸி மக்கள் இந்தச் சுமை தூக்குவதில் பேர் பெற்றவர்கள். மாசக்கணக்கில் நடப்பார்கள். அந்தக் கூட்டத்தையும் சஃபாரி என்றுதான் சொன்னார்கள்.

1857-ல் பர்ட்டன், ஸ்பீக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இந்த வழியாகத்தான் ஏரியைத் தேடிப் போனார்கள். தபோராவில் தங்கவும் செய்தார்கள். அப்புறம் லிவிங்ஸ்டன், ஸ்டான்லி. இந்த மாதிரி ஆட்கள் எழுதிய எழுத்து வழியாகத்தான் சஃபாரி ஆங்கிலத்துக்குப் போனது. போன இடத்தில் அதற்குச் சாகசப் பூச்சு ஏறியது. பிறகு பணக்கார வேட்டைக்காரர்கள் வந்தார்கள். 1909-ல் அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் வந்து இறங்கினார். கூட மகன். சுமை தூக்க ஒரு பட்டாளம். அப்பனும் மகனுமாகச் சுட்ட விலங்குகள் மட்டும் 500-க்கு மேல். பத்திரிகைகள் இதைப் பரபரப்பாக எழுத எழுத, சஃபாரி என்றாலே வேட்டை என்று உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. கென்யாவில் 1977-ல் விளையாட்டு வேட்டையைத் தடை செய்தார்கள். துப்பாக்கி போய் கேமரா வந்தது, வார்த்தை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஆக, டெய்லர் தம்பி, சாகசம் வார்த்தைக்குள் இல்லை. சுமை தூக்கியவனுக்கு அது கூலி வேலை. நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போனவருக்குச் சாகசம். உங்கள் நோட்டீஸ் பையன் இரண்டாம் ஆளிடமிருந்து வாங்கியிருக்கிறான்.

ஒரு கொசுறு. இந்தச் சொல்லின் இன்னொரு வடிவம் நம் தாலுகா ஊர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. பொதுப்பணித் துறை பயணியர் மாளிகையைப் பழைய ஆட்கள் என்ன சொல்வார்கள்? முசாபரி பங்களா. அரபியில் முசாஃபிர் என்றால் பயணி. அது உருது வழியாக நம்மிடம் வந்தது. கலெக்டர் வந்தால் தங்குகிற, வேப்பமரமும் பிரம்பு நாற்காலியும் உள்ள அந்தப் பங்களாவின் பெயருக்குள்ளே உங்கள் சபாரி பாதிக்கு மேல் இருக்கிறது பாருங்கள்.

நெல்பேட்டை ராத்தா

வாத்தியார் சார் சஃபர் என்று எழுதியதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை, வாக்கப்பட்டது மதுரை நெல்பேட்டையில். எங்கள் வீடுகளில் இது அன்றாட வார்த்தை. சபர் என்போம். "காக்கா சபர் போயிருக்காக" என்றால் அண்ணன் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போயிருக்கிறார் என்று பொருள். அப்படிப் போகிறவருக்குச் சபராளி என்று பேர்.

என் உம்மம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் சபர் என்றால் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர். கொழும்புக்குப் போகிறவர்கள் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி அங்கிருந்து ரயில் பிடிப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அதற்குப் பிற்பாடு எங்கள் ஆட்களுக்குச் சபர் என்றால் துபாய், சவூதி, குவைத் என்று ஆனது. ஊர் மாறியது, வார்த்தை மாறவில்லை.

இதில் சாகசம் இருக்கிறதா என்று டெய்லர் அண்ணன் கேட்டதற்கு, சபராளி வீட்டுப் பொம்பளைகளிடம்தான் கேட்க வேண்டும். கல்யாணமாகி நாற்பது நாளில் சபர் போய், பிள்ளை நடக்கிற வயதில் வந்து முகம் காட்டுகிற வாப்பாமார் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர். பிள்ளை அவரைப் பார்த்து அழும். பெட்டியைத் திறந்து கோடாலி தைலமும் கைலியும் வாசனைச் சோப்பும் எடுத்துப் பரப்பினால் அழுகை நிற்கும். போகும்போது மறுபடி அழுகை, இந்தத் தடவை எல்லாரும். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது உம்மம்மா ஒரு அகப்பை சோறு கூடவே ஆக்கியிருப்பார். "சபராளி திடுதிப்புனு வந்து நின்னா?" என்பார். துபாயிலிருந்து யாரும் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நிற்க மாட்டார்கள் என்று நாங்கள் சிரிப்போம். அந்த அகப்பைச் சோறு காலையில் நீராகாரமாகும், அதற்கும் போட்டி நடக்கும்.

மார்க்கத்திலும் சபருக்குத் தனிச் சட்டம் உண்டு. பயணத்தில் இருப்பவர் நாலு ரக்அத், அதாவது நாலு சுற்று உள்ள தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். கஸ்ர் என்று பேர். நோன்பைத் தள்ளி வைத்துப் பிறகு பிடிக்கலாம். எவ்வளவு தூரம் போனால் அது சபர் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நெல்பேட்டையிலிருந்து கீழக்கரைக்குப் போனாலே அந்தக் கணக்கில் வந்துவிடும். ஆக, பஸ்ஸில் பரமக்குடி தாண்டித் தூங்கிக்கொண்டே போகிற நானும் முசாபிர்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதும்போது மூன்று சொற்கள் ஒன்றோடொன்று மோதும். பயணம் சபர். பொறுமை சபுர், "சபுர் செய்யுங்க" என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இஸ்லாமிய வருஷத்தின் இரண்டாவது மாதமும் சபர். அரபியில் மாதத்துக்கும் பொறுமைக்கும் முதல் எழுத்து வேறு, பயணத்துக்கு வேறு. நமக்கு எல்லாம் ஒரே 'ச' தான். எங்கள் வீட்டில் பெரியவர்கள் சபர் மாதத்தைப் பீடை மாதம் என்று ஒதுக்குவார்கள். கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்பார்கள். மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்று ஆலிம்கள் சொல்லிச் சொல்லி இப்போது குறைந்துவிட்டது. ஆனால் சபர் மாதத்தில் சபர் போகாதே என்று உம்மம்மா சொன்னதைக் கேட்டு டிக்கெட்டை மாற்றிய மாமா எங்கள் வீட்டில் உண்டு.

தெற்குமாசி டெய்லர்

வாத்தியாரய்யா, ராத்தா, இரண்டு பேரும் எழுதியதைக் கடையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். காஜா அம்மா முசாபரி பங்களாவைப் பிடித்துக்கொண்டார். அவர் தாத்தா அப்படி ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தவராம், ஆனால் யாரும் அர்த்தம் கேட்டதில்லையாம்.

பயணம் புரிந்துவிட்டது. சட்டை இன்னும் புரியவில்லை. ஏனென்றால் அந்தச் சட்டை வெட்டுகிறபோது எனக்குச் சில சந்தேகம் உண்டு. முழுச் சபாரி என்றால் நாலு பை. மேலே இரண்டு, கீழே இரண்டு. நாலுக்கும் மூடி, மூடிக்குப் பொத்தான். கீழ்ப் பை தட்டையாக இருக்கக் கூடாது, உள்ளே மடிப்பு விட்டுப் புடைப்பாகத் தைக்க வேண்டும். தோளில் பட்டி, அதற்கும் பொத்தான். இடுப்பில் அதே துணியில் பெல்ட். முதுகில் கீழே வெட்டு. பொத்தான் மட்டும் ஒரு சட்டைக்குப் பதினைந்துக்கு மேல் போகும், காஜா எடுக்கிறவர் திட்டாமல் இருக்க மாட்டார். அப்பா தைத்த காலத்தில் இதெல்லாம் இருந்தது. எண்பதுகளிலேயே பெல்ட் போய்விட்டது, தோள்பட்டி போய்விட்டது. இப்போது டிரைவர்களுக்குத் தைப்பதில் கீழே இரண்டு பை மட்டும், அதுவும் ஒட்டுப் பை.

இவ்வளவு பை எதற்கு? கணக்குப் பிள்ளைக்கும் பேங்க் மேனேஜருக்கும் மேல் பை ஒன்று போதுமே. தோள்பட்டி யாருக்கு? இது பட்டாளத்துச் சட்டை மாதிரி அல்லவா இருக்கிறது?

போடி ஜீப்

அண்ணே, அக்கா, சார், எல்லாருக்கும் வணக்கம். நான் போடியிலிருந்து. சூரியநெல்லி, கொழுக்குமலை லைனில் ஜீப் ஓட்டுகிறேன். நோட்டீஸில் போட்டிருக்கிற ஆள் நாங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். கொழுக்குமலை நம் தேனி மாவட்டம், ஆனால் ஜீப் போகிற பாதை கேரளாவில். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை போய், சூரியநெல்லி வந்து, அங்கிருந்து எஸ்டேட் பாதை. அந்தப் பாதையில் காரெல்லாம் ஏறாது. தார் கிடையாது, கல்லுதான். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்றால் விடியக் காலையில், கும்மிருட்டில் கிளம்ப வேண்டும். லைட் வெளிச்சத்தில் ரெண்டு பக்கமும் தேயிலைச் செடி மட்டும் தெரியும். மழை நாளில் முன் சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கத்துவார்கள். அது பயத்தில் இல்லை, சந்தோசத்தில். கத்தவில்லை என்றால்தான் எங்களுக்குக் கவலை, வாந்தி வரப் போகிறது என்று அர்த்தம்.

மேலே போனால் மேகம் கீழே இருக்கும். வாயைப் பிளந்த மாதிரி ஒரு பாறை இருக்கிறது. புலி என்பார்கள், சிங்கம் என்பார்கள். எங்கள் சஃபாரியில் காட்டுகிற மிருகம் அது ஒன்றுதான். மத்தபடி பழைய டீ பேக்டரி, குளிர், சூடாக ஒரு டீ.

சஃபாரி என்று நாங்கள் பேசிக்கொள்ள மாட்டோம். அது போர்டுக்கும் நோட்டீஸுக்கும் வெளியூர் பார்ட்டிக்கும். எங்களுக்குள் 'நடை'தான். "இன்னைக்கு எத்தனை நடை அடிச்ச?" "ரெண்டு நடை, மூணாவது நடைக்கு ஆள் வரல." மணல் லாரிக்கும் இதுதான், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்கும் இதுதான். காலையில் இருட்டோடு கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் போவது நாங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்து நடக்கிறது. அதே மாதிரி வண்டி, அதே மாதிரி வளைவு. அதை யாரும் சஃபாரி என்று சொன்னதில்லை.

டெய்லர் அண்ணே, எனக்கும் ஒரு சபாரி தைக்கச் சொல்லி ஓனர் கேட்டார். அந்தக் கீழ்ப் பையைப் புடைப்பாகவே வையுங்கள். டார்ச், துண்டு, வாந்திக்குக் கவர் எல்லாம் அதில்தான் வைக்க வேண்டும்.

திருநகர் வாத்தியார்

போடித் தம்பி 'நடை' என்று எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். காரணம் இருக்கிறது. சுவாஹிலியில் "சஃபாரி ஹீ" என்று ஒரு பேச்சு உண்டு. வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் 'இந்தப் பயணம்'. ஆனால் பேச்சில் அதன் பொருள் 'இந்தத் தடவை'. இந்தத் தடவை மழை நல்லா பெய்திருக்கு, இந்தத் தடவை பரீட்சை கஷ்டம், எல்லாவற்றுக்கும் "சஃபாரி ஹீ". பயணத்துக்கும் தடவைக்கும் ஒரே சொல். நம் ஊரில் நடை இரண்டுக்கும் வருகிறதே. "இந்த நடை விட்டுட்டேன், அடுத்த நடை பார்த்துக்கிறேன்" என்று கடையில் கடன் கேட்கிறவரிடம் சொல்கிறோம், அதில் யார் எங்கே நடக்கிறார்கள்? தம்பி நோட்டீஸுக்கு ஒன்றும் வண்டிக்கு ஒன்றுமாக வைத்திருக்கிறார், தபோராவில் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுவிடுவார்கள்.

சரி, சட்டை. டெய்லர் தம்பியின் சந்தேகம் நியாயமானது. அது பட்டாளத்துச் சட்டைதான். காக்கியை பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் கொண்டுவந்தது வடமேற்கு இந்தியாவில், 1840-களில். காக் என்றால் பாரசீகத்தில் மண், புழுதி. புழுதி படிந்தால் தெரியாத நிறம், புழுதிக்குள் ஒளிந்தால் எதிரிக்கும் தெரியாத நிறம். அந்தக் காக்கிப் பருத்தித் துணியில் வெப்ப நாட்டுச் சிப்பாய்களுக்குத் தைத்த மேல்சட்டையை ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கீழே புடைப்புப் பை தோட்டாவுக்கு. மூடியும் பொத்தானும் முள்ளுக்காட்டில் குனிந்து போகும்போது சாமான் விழாமல் இருக்க. தோள்பட்டி துப்பாக்கி வாரும் தோல்பையும் நழுவாமல் இருக்க. பெல்ட்டில் கத்தி. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வேலை இருந்தது.

பிறகு நகரத்துக்காரர்கள் கண்ணில் பட்டது. 1960-களின் கடைசியில் பாரிஸில் இவ் சான் லோரான் அதைப் பெண்களுக்கே தைத்து நாகரிகமாக்கினார். எழுபதுகளில் உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டுக்கு அது பொருந்திப் போனதற்குக் காரணம் கோட்டுதான் என்பது என் எண்ணம். ஆபீசருக்குக் கோட் சூட் போட ஆசை, மதுரை வெயிலில் அதைப் போட்டால் மயக்கம் வரும். சபாரி என்றால் சூட் மாதிரியும் இருக்கும், அரைக்கையாகவும் இருக்கும், டையும் கட்ட வேண்டாம். ஆனால் பருத்தியை எடுத்துவிட்டு பாலியஸ்டரில் தைத்தார்களே, அங்கேதான் காரியம் கெட்டது. வெயிலுக்கென்று உண்டான சட்டையை வெயிலில் போட முடியாமல் செய்த பெருமை நம்முடையது. நானும் ஒன்று தைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். சஃபாரி பிறந்த நாட்டில் என்னைத் தவிர வேறு யாரும் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வரவில்லை.

எழுத்து விஷயம். நம் 'ப' உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும்போது உதட்டை மூடி ஒலிக்கும் மெல்லிய ஒலியாகிறது, சபை, கபம் என்பது போல. பல்லும் உதடும் சேர்கிற ஒலியைக் காட்டத்தான் 'ஃப' என்று எழுதும் வழக்கம் வந்தது. காட்டுப் பயணத்துக்குச் சஃபாரி என்று எழுதினால் மூலத்துக்கு நெருக்கம். சட்டைக்கு நான் சபாரி என்றே விடுவேன். ஐம்பது வருஷமாக மதுரை வாய் அதைச் சபாரி என்றுதான் சொல்கிறது. வாடிக்கையாளர் யாரும் ஆய்தம் வைத்துச் சட்டை கேட்டதில்லையே. ஸஃபாரி வேண்டாம், கிரந்த எழுத்துக்கு இங்கே வேலை இல்லை. முதல் எழுத்தைச் 'ச' என்று எழுதினாலும் எல்லாரும் சரியாகவே படிக்கிறார்கள்.

வைகை வடகரை

சார், சவாரி பத்தி நான் சொன்னது தப்புன்னே வச்சுக்கோங்க. ஆனா வண்டலூர்ல பஸ்ல ஏத்திச் சிங்கம் காட்டுறாங்களே, முதுமலையில தெப்பக்காட்டுல வன வண்டியில கூட்டிட்டுப் போறாங்களே, அதெல்லாம் ஏறி உட்கார்ந்துதானே போறோம்? இப்ப சஃபாரின்னா சவாரிதான்னு ஆயிடுச்சுல்ல?

திருநகர் வாத்தியார்

அந்த மட்டில் உங்கள் பேச்சு சரி. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு வழியில்லை, புலிக் காட்டுக்குள் இஷ்டத்துக்கு இறங்கி நடக்கவும் வழியில்லை. ஆகவே வண்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பதுதான் சஃபாரி என்று ஆகிவிட்டது. வண்டலூரில் லயன் சஃபாரி என்றே போர்டு இருக்கிறது. பிறப்பைப் பற்றித்தான் நான் மறுத்தேன்.

நெல்பேட்டை ராத்தா

சார், ஒரு சந்தேகம். அங்கே அரபிச் சொல் நிறைய இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் விருந்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோம், அதற்கு சஹன் என்று பேர். சுவாஹிலியில் அது இருக்கிறதா?

திருநகர் வாத்தியார்

இருக்கிறது அம்மா. ஸஹானி. ஆனால் அங்கே சாதாரணச் சாப்பாட்டுத் தட்டு எதுவானாலும் ஸஹானிதான், ஒருவர் சாப்பிட்டாலும் சரி. வக்கீலுக்கு வகீலி, உலகத்துக்கு துனியா. கோர்ட்டு வாசலில் நின்றால் உங்களுக்குப் பாதிப் பேச்சு புரிந்துவிடும்.